கூழ் ஊத்துற அன்னைக்கு விபத்து நடந்தா யார் பொறுப்பு?

(ஆடி மாதத்துக்கு முன் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத குழுக்களின் ஊக்குநர்கள், தங்கள் குழுவில் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



வழக்கமா நான் மைக் பிடிச்சா சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கின்னுதான் ஆரம்பிப்பேன். உங்க முகமும் அப்பவே வாடிப்போகும். இன்னைக்கு அதெல்லாம் இல்லை. திருவிழா பத்திப் பேசப்போறேன். இன்னும் கொஞ்ச நாள்ல ஆடி பிறக்குது. திருக்கழுக்குன்றம் பக்கத்து கிராமங்கள்ல இருந்து கடற்கரைக் குப்பங்கள் வரைக்கும் தெருவுக்குத் தெரு காப்பு கட்டி, கூழ் ஊத்தி, சீரியல் செட் போட்டு, மைக் செட் வைச்சு அமர்க்களமா இருக்கும். அதை முடிச்சா விநாயகர் சதுர்த்தி, அப்புறம் பொங்கலுக்கு கோலப்போட்டி, உறியடி. எல்லாத்துக்கும் கை கொடுக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான். வசூலுக்குப் போறதும், அடுப்பு பக்கத்துல நிக்கிறதும், பரிமாறுறதும் நாமதான்.

இந்தக் கூட்டத்துல ஏன் இதைப் பேசணும்னு கேட்பீங்க. அதுக்கு முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும்.

2023 ஆடியில நடந்தது. நம்ம பகுதியிலேயே ஒரு தெரு, பேர் வேண்டாம். அந்தத் தெருவுல பதினாலு பேர் கொண்ட ஒரு குழு. கட்டுக்கோப்பான குழு, ஒரு தவணை கூடத் தவறினது இல்லை. அவங்க என்கிட்ட வந்து, "அம்மா, கூழ் வார்க்கிற செலவுல கொஞ்சம் நம்ம குழுவும் ஏத்துக்குது. நோட்டீஸ்ல குழு பேரைப் போடலாமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரே பெருமை. ஆம்பளைங்க பேரு மட்டுமே இருந்த நோட்டீஸ்ல நம்ம பெண்கள் குழுவோட பேரும் வரப்போகுதேன்னு, "தாராளமா போடுங்க, பெரிய எழுத்துல போடுங்க"ன்னு சொன்னேன். போட்டாங்க. விழாக் குழுவினர்னு அஞ்சு ஆண்கள் பேரு, அதுக்குக் கீழே நம்ம மகளிர் குழு பேரு.

மூணாவது ஞாயித்துக்கிழமை. செங்கல்லை அடுக்கி அதுமேல அண்டா வைச்சிருந்தாங்க. ராத்திரி மழை பெய்து மண்ணு ஊறிப் போயிருந்தது. ஒரு பக்கக் கல்லு இறங்கி, அண்டா சாய்ஞ்சுடுச்சு. தூக்கு எடுத்துக்கிட்டு வரிசையில நின்ன, பக்கத்துத் தெரு மருமகப் பொண்ணு ஒருத்தி, அவ கையைப் பிடிச்சிருந்த ஆறு வயசுப் பையன், ரெண்டு பேருக்கும் இடுப்புக்குக் கீழே வெந்துபோச்சு. கொதிக்கிற கூழ் தண்ணி மாதிரி வழிஞ்சு போகாது, ஒட்டிக்கும். பார்த்தவங்களுக்குத் தெரியும்.

உயிருக்கு ஆபத்து இல்லை. அரசு ஆஸ்பத்திரியில வைத்தியத்துக்குக் காசு கேட்கலை. ஆனா இருபத்திரண்டு நாள் படுக்கை. அவ கட்டட வேலைக்குப் போற பொண்ணு, கூலி போச்சு. கூட இருந்து பார்த்துக்கிட்ட மாமியாருக்கும் கூலி போச்சு. ஆட்டோ, சாப்பாடு, வெளியில வாங்கின மருந்து, மறுபடி மறுபடி கட்டு மாத்தப் போய் வந்த செலவுன்னு எல்லாம் சேர்ந்துடுச்சு. அவங்க வீட்டுக்காரர் நோட்டீஸைக் கையில வைச்சுக்கிட்டு நியாயம் கேட்க வந்தார். அஞ்சு ஆண்கள்ல ஒருத்தர் "அம்மன் பார்த்துப்பா"ன்னார், ஒருத்தர் போனை எடுக்கலை. "இதுல எங்க பேரு இருக்கு, எங்களைக் கேட்காம யாரைக் கேட்பாங்க"ன்னு பொறுப்போட நின்னது நம்ம குழுதான். சேமிப்புல இருந்து ரூ.18,000/- எடுத்துக் கொடுத்தாங்க. தீர்மானப் புத்தகத்துல ஒன்பது பேர்தான் கையெழுத்து போட்டிருந்தாங்க. மத்த அஞ்சு பேரும், "நாங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டி சேர்த்த பணம், அண்டாவை நாங்களா கவுத்தோம்?"னு கேட்டாங்க. அதுவும் நியாயம்தானே? அடுத்த ஆறு மாசம் கூட்டத்துக்கு ஆள் வரலை, தவணை தவறிப்போச்சு. குழு உடையிற நிலைக்கு வந்து, எப்படியோ சமாளிச்சு இன்னைக்கும் நடக்குது. அவங்க ரெண்டு பேர் இங்கேயும் உட்கார்ந்திருக்காங்க.

பேரைப் பெரிய எழுத்துல போடச் சொன்ன எனக்கு, பேரைப் போட்டா பொறுப்பும் வரும்னு சொல்லத் தோணலை. சமூகப்பணி பட்டம் வாங்கினேன், அதுல இது ஒரு பாடமா இல்லை. அதுக்கப்புறம்தான் காப்பீடு பத்தி விசாரிக்க ஆரம்பிச்சேன். அப்படி நான் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இப்ப சொல்றேன்.

பெரிய விபத்துகளை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. 2022 ஏப்ரல் 27, விடியக்காலம். தஞ்சாவூர் பக்கம் களிமேடு கிராமத்துல அப்பர் சதய விழா. ஊர் மக்களே நடத்துற விழா. தேர்ப்பவனி வர்றப்ப மேல் அலங்காரம் உயர் அழுத்த மின்கம்பியில பட்டு 11 பேர் இறந்தாங்க. சின்னப் பிள்ளைங்களும் அதுல இருந்தாங்க. முதலமைச்சர் இறந்தவர் குடும்பத்துக்கு தலா ரூ.5 லட்சம் அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி 2004 ஜனவரியில ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல பந்தல் தீப்பிடிச்சு, மாப்பிள்ளையோட சேர்த்து 50 பேருக்கும் மேல போயிட்டாங்க.

இதுல ஒண்ணு கவனிங்க. களிமேட்டுல கிடைச்சது நிவாரணம். நிவாரணம்ங்கிறது அரசாங்கம் மனசு வைச்சுக் கொடுக்கிறது. பதினோரு பேர் செத்தா நாடே திரும்பிப் பார்க்குது, கொடுக்குறாங்க. நம்ம தெருவுல ஒரு பொண்ணுக்குக் கால் வெந்தா யார் அறிவிப்பாங்க? காப்பீடு அப்படி இல்லை. நாம பிரீமியம் கட்டியிருந்தா, நிபந்தனைப்படி நடந்திருந்தா, அது நம்ம உரிமை.

சரி, என்னென்ன காப்பீடு இருக்கு? அடிப்படையா ரெண்டு வகை. ஒண்ணு, விபத்துல அடிபட்டவரே தனக்காக எடுத்து வைச்சிருக்கிறது. இன்னொண்ணு, விழா நடத்துறவங்க, "எங்களால வெளியாளுக்குக் கேடு வந்தா நஷ்ட ஈடு கொடுக்கணுமே"ன்னு எடுக்கிறது. இந்த ரெண்டாவதை பொதுப் பொறுப்புக் காப்பீடுன்னு சொல்றாங்க. நம்ம ஜனங்க ரெண்டையும் குழப்பிக்கிறாங்க.

முதல் வகைக்கு நம்ம எல்லார் கைக்கும் எட்டுறது பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம். 2015ல வருஷத்துக்கு 12 ரூபாய்னு ஆரம்பிச்சது, 2022 ஜூன் 1 முதல் 20 ரூபாய். ஒரு முழம் பூ விலை. 18 வயசுல இருந்து 70 வயசு வரை, வங்கிக் கணக்கோ தபால் ஆபீஸ் கணக்கோ இருந்தா போதும். விபத்துல இறந்தா ரூ.2 லட்சம். ரெண்டு கண்ணோ, ரெண்டு கையோ, ரெண்டு காலோ போனாலும் ரூ.2 லட்சம். ஒரு கண்ணு, ஒரு கை, ஒரு கால் போனா ரூ.1 லட்சம். ஜூன் 1ல இருந்து மே 31 வரைக்கும் ஒரு வருஷம். மே கடைசியில கணக்குல இருந்து தானா எடுத்துக்குவாங்க. அந்த நேரத்துல கணக்குல 20 ரூபாய் இல்லைன்னா போச்சு. மே மாசம் சம்பளம் மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டு கணக்கைக் காலியா வைக்கிற அக்காமார்கள் எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். கையைத் தூக்க வேண்டாம்.

இதுல மூணு விஷயம் மனசுல வைச்சுக்கோங்க. ஒண்ணு, இது ஆஸ்பத்திரிச் செலவு கொடுக்காது. அந்தப் பொண்ணுக்கு இந்தக் காப்பீடு இருந்திருந்தாலும், கால் நல்லாயிட்டதால ஒரு ரூபாய் வந்திருக்காது. வைத்தியச் செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் வழி. அந்த அட்டை இல்லாதவங்க கலெக்டர் ஆபீஸ்ல உள்ள மையத்துல பதிவு பண்ணுங்க, தள்ளிப்போடாதீங்க. ரெண்டாவது, ஒரே ஆள் மூணு வங்கியில கணக்கு வைச்சு மூணுலயும் கட்டினாலும், ஒரு தடவைதான் பணம் கிடைக்கும். மூணாவதுதான் ரொம்ப முக்கியம். விபத்துல இறந்தவங்களுக்கு எப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை கேட்பாங்க. நம்ம ஊர்ல என்ன நடக்குது? "சாமி காரியத்துல செத்தது, அறுக்க வேண்டாம், போலீஸ் வேண்டாம்"னு பெரியவங்க பேசி, சாயங்காலமே எடுத்துடுறாங்க. அப்புறம் அந்த விதவைப் பொண்ணு வங்கிக்கு நடையா நடந்தாலும் விபத்துன்னு நிரூபிக்க ஒரு காகிதம் இருக்காது. துக்க வீட்டுல இதை எடுத்துச் சொல்றது கஷ்டம்தான். ஆனா நம்ம ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும். விபத்து நடந்து 30 நாளைக்குள்ள வங்கியில படிவம் கொடுக்கணும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்னு காத்திருந்தா, பாதி நாள் போயிடும்.

இதே மாதிரி வருஷத்துக்கு 436 ரூபாய்ல ஜீவன் ஜோதி திட்டம் இருக்கு. 18ல இருந்து 50 வயசுக்குள்ள சேரணும். விபத்தோ, வியாதியோ, எப்படி இறந்தாலும் ரூ.2 லட்சம். முடிஞ்சவங்க சேருங்க. திருவிழாவுக்கு நேரா சம்பந்தம் இல்லை, அதனால அதுல நிக்கலை.

தீமிதி பத்தி ஒரு அம்மா போன மாசமே கேட்டாங்க. தீ மிதிச்சு காயம் பட்டா காப்பீடு வருமான்னு. அண்டா சாயறது எதிர்பாராதது, அது விபத்து. தீக்குழியில நாமே வேண்டிக்கிட்டு இறங்குறோம். அதை விபத்துன்னு ஒத்துக்குவாங்களாங்கிற கேள்வி கட்டாயம் வரும். அதை நம்பி யாரும் இறங்காதீங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டு இறங்கவே வேண்டாம். இது காப்பீட்டுக்காகச் சொல்றது இல்லை.

இப்ப ரெண்டாவது வகை. விழா நடத்துறவங்க எடுக்கிறது. பெரிய இடத்துல இதை எப்படிச் செய்றாங்கன்னு பாருங்க. மும்பையில கிங்ஸ் சர்க்கிள்னு ஒரு இடம், அங்க ஜி.எஸ்.பி. சேவா மண்டல் பிள்ளையார் ரொம்பப் பிரசித்தம். 2022ல அவங்க ரூ.316 கோடிக்குக் காப்பீடு எடுத்தாங்க. அந்தக் கோடியைக் கேட்டு வாயைப் பிளக்காதீங்க, அந்தப் பிள்ளையார் போட்டிருக்கிறது கிலோ கணக்குல தங்கம். ஆனா நகைக்கு எடுத்தது சுமார் 32 கோடிதான். 263 கோடி ரூபாய் ஆட்களுக்கு. தொண்டர், பூசாரி, சமையல்காரர், செருப்பு பாத்துக்கிறவர், வண்டி நிறுத்துறவர்னு ஒவ்வொருத்தருக்கும் விபத்துக் காப்பீடு. அதுக்கு மேல வர்ற ஜனங்களுக்காக 20 கோடிக்கு பொதுப் பொறுப்பு. சாமி நகையை விட அடுப்படியில நிக்கிறவனுக்கு அதிகம் எடுத்திருக்காங்களேன்னு எனக்கு அது பிடிச்சிருந்தது. நம்ம தெருவுல மைக் செட்டுக்கு எவ்வளவு, ஆர்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவுன்னு கணக்குப் பார்ப்போம், அண்டா கிண்டுற அக்காவுக்கு 20 ரூபாய் காப்பீடு இருக்கான்னு கேட்க மாட்டோம்.

இங்கிலாந்துலயும் நம்மள மாதிரி தெருவுக்குத் தெரு மேசை போட்டு விருந்து வைப்பாங்க. ராணி பட்டத்துக்கு வந்து 70 வருஷம்னு 2022 ஜூன்ல நாடு முழுக்க நடந்தது. அங்க சின்ன தெரு விருந்துக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம்னு மத்திய அரசு சொல்லலை. எடுக்கணும்னு நினைச்சா வீட்டுக்கு வீடு செலவைப் பிரிச்சுக்கோங்கன்னு சொல்றாங்க. நம்ம ஊர்லயும் தெருக் கூழுக்கு யாரும் பாலிசி கேட்கப் போறதில்லை. ஆனா கட்டாயம் இல்லைங்கிறதுக்காகப் பொறுப்பு இல்லைன்னு ஆயிடாது.

நான் செங்கல்பட்டுல ஒரு பொதுக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் விசாரிச்சேன். அந்த அதிகாரி என்னை உட்கார வைச்சு முதல்ல கேட்டது, "பாலிசி யார் பேர்ல?"ன்னுதான். "தெரு பேர்ல"ன்னேன். சிரிச்சுட்டார். தெருவுக்குப் பதிவு எண் இருக்கா, வங்கிக் கணக்கு இருக்கா, கையெழுத்துப் போட ஆள் யார்? விழாக் குழுன்னு நாலு பேர் சேர்ந்து வசூல் பண்றது சட்டத்துக்கு முன்னாடி ஒரு அமைப்பே இல்லை. ஒண்ணு ஆச்சுன்னா அந்த நாலு பேரும் தனித்தனியா மாட்டுவாங்க. பதிவு செய்த சங்கம்னா அது பேர்ல எடுக்கலாம். நம்ம கூட்டமைப்பு பதிவு ஆனது. அதனால, கூட்டமைப்பே நடத்துற விழான்னா, மகளிர் தின விழாவோ விற்பனைக் கண்காட்சியோ, நம்ம பேர்ல எடுக்க முடியும். அடுத்தவங்க நடத்துற விழாவுக்கு நாம எடுக்கக் கூடாது, அது வேண்டாத வம்பு.

அப்புறம் அவர் வரிசையாக் கேட்டார். எந்த இடம், எத்தனை நாள், எவ்வளவு கூட்டம் வரும், அங்கேயே அடுப்பு மூட்டுவீங்களா, வாணவேடிக்கை உண்டா, பந்தல் ஓலையா தகரமா, போலீஸ் அனுமதி வாங்கினீங்களா? இதை வைச்சுத்தான் பிரீமியம். அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாணவேடிக்கை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வெடிச்சா, பணம் வராது. அனுமதி வாங்காம நடத்தினாலும் தகராறுதான். இன்னொண்ணும் சொன்னார். பொதுப் பொறுப்பு பாலிசி வெளியாளுக்குத்தான். வேலை செய்ற நம்ம ஆளுக்கு அடிபட்டா அதுல வராது, அவங்களுக்குத் தனியா விபத்துக் காப்பீடு வேணும். வழக்குல உள்ளே போட்டா அதுக்கும் எந்தப் பாலிசியும் உதவாது.

என் கருத்தைக் கேட்டா, நூறு நூத்தைம்பது பேருக்குக் கூழ் ஊத்துற தெருவுக்கு இந்தப் பெரிய பாலிசி தேவையில்லை. அந்தப் பணத்துல நாலு பலமான இரும்பு அடுப்பு வாங்கிடலாம். ஆனா ஆயிரம் பேர் கூடுற விழா, மேடை, ஜெனரேட்டர், ஆர்கெஸ்ட்ரான்னு போனா, நடத்துறவங்ககிட்ட கட்டாயம் கேளுங்க. "நாங்க பணம் தர்றோம், பாலிசி இருக்கா?"ன்னு. மூஞ்சியைச் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

பந்தல், சீரியல் செட் போடுறவர்கிட்டயும் கேளுங்க. உங்க பசங்களுக்குக் காப்பீடு இருக்கா, நலவாரிய அட்டை இருக்கான்னு. மரத்துல ஏறி பல்பு கட்டுற அந்தப் பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது. கூலிக்கு அழைச்சுக்கிட்டு வந்தவர்தான் அவனுக்குப் பொறுப்பு. அதை ரசீதுலயே ஒரு வரி எழுதி வாங்குங்க. கம்பத்துல கொக்கி போட்டுக் கரண்ட் எடுக்கிறது திருட்டு. அதுல ஷாக் அடிச்சா எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காது. மின்வாரியத்துல தற்காலிக இணைப்பு வாங்கச் சொல்லுங்க. சாமி ஊர்வலம் போற வழியில கம்பி தாழ்வா இருக்கான்னு முந்தின நாளே ஒரு ஆள் நடந்து பார்க்கணும். பெரிய கோயில் தேர் ஓடறப்ப கரண்டை நிறுத்துறாங்களே, நம்ம சின்னச் சப்பரத்துக்கும் அதே கம்பிதானே.

அடுப்பு விஷயம் நமக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். அண்டாவைத் தெரு நடுவுல வைக்காதீங்க. கூழைச் சின்னப் பாத்திரத்துல எடுத்து, பத்தடி தள்ளி ஊத்துங்க. குழந்தைங்க வரிசை தனியா இருக்கட்டும்.

நம்ம குழுவுக்கு ஒரு நடைமுறை வேணும். விழாவுக்குக் கொடுக்கிறது சேமிப்புல இருந்து வேண்டாம், வங்கிக் கடன்ல இருந்து வேண்டவே வேண்டாம். இஷ்டப்பட்டவங்க தனியா கைப்பணம் கொடுக்கட்டும். நோட்டீஸ்ல "நன்கொடை"ன்னு பேர் வரலாம், "விழாக் குழுவினர்" வரிசையில வேண்டாம். நடத்துறதுலயே பங்கு உண்டுன்னா, எல்லா உறுப்பினரும் தீர்மானத்துல கையெழுத்து போட்டுட்டு அப்புறம் பேர் கொடுங்க. எனக்கு இது மனசுக்குக் கஷ்டம்தான். பெண்கள் பேர் நோட்டீஸ்ல வரணும்னு ஆசைப்பட்டவ நான். இப்பவும் ஆசைதான். பேர் வரணும், பொறுப்பு என்னன்னு தெரிஞ்சு வரணும்.

(உரைக்குப் பின் உறுப்பினர்கள் சில கேள்விகள் கேட்டனர். அதில் ஒன்றை மட்டும் இங்கே தருகிறோம்.)

இருளர் பகுதிக் குழுவிலிருந்து வந்த ஒரு அம்மா: "மாசி மகத்துக்கு நாங்க மாமல்லபுரம் கடற்கரைக்கு சொந்தபந்தத்தோட குட்டியானை வண்டியில வருவோம். மணல்ல குடில் போட்டுத் தங்கி கன்னியம்மாவைக் கும்பிடுவோம். வழியில ஏதாவது ஆச்சுன்னா வண்டி இன்சூரன்ஸ் வருமாம்மா?"

நல்ல கேள்விம்மா. குட்டியானை சரக்கு வண்டி. அதோட இன்சூரன்ஸ், ரோட்டுல போறவங்களுக்கும் எதிர்ல வர்றவங்களுக்கும் பொறுப்பு ஏத்துக்கும். பின்னால ஜனமா ஏறி உட்கார்ந்து வர்றவங்களுக்குச் சட்டப்படி பொறுப்பு இல்லைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. டிராக்டர் டிரெய்லரும் இதே கதைதான். விவசாயத்துக்குன்னு எடுத்த பாலிசியில ஆள் ஏத்தினா கம்பெனி கையை விரிச்சுடும். அப்புறம் வண்டிக்காரர் மேல கேஸ் போடணும், அவர்கிட்ட என்ன இருக்கும்? அதனால வேனோ பஸ்ஸோ பிடிங்க. ஆளுக்குக் கொஞ்சம் கூட ஆகும். சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கு. 2021 டிசம்பர்ல நம்ம மாவட்டத்து மேல்மருவத்தூர்லதான் தொடங்கி வைச்சாங்க. பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலயும் சேர்க்கலாம், பணம் இல்லையேன்னு தயங்க வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி பெரியவங்க எல்லாருக்கும் அந்த 20 ரூபாய் காப்பீடு இருக்கான்னு பாருங்க. உங்க ஆளுங்கள்ல நிறைய பேருக்கு வங்கிக் கணக்கே இல்லைன்னு சொல்றீங்க. அடுத்த புதன்கிழமை நான் உங்க ஊருக்கே வர்றேன். ஆதார் அட்டையை மட்டும் எடுத்து வைச்சிருங்க. கையில இல்லாதவங்க பேரைத் தனியா எழுதி வைங்க. மத்த குழு ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்கு வர்றப்ப எல்லா உறுப்பினரோட பாஸ்புக்கும் எடுத்துக்கிட்டு வாங்க. போன ஜூன்ல 20 ரூபாய் கழிஞ்சிருக்கான்னு வரி வரியா பார்த்துடுவோம். கழியாதவங்க உடனே வங்கியில படிவம் கொடுத்துச் சேரலாம், ஆடிக்கு முன்னாடியே.